30,000 பேர் போதும் என்ற ஊர்: ஒகோடோக்ஸின் நீர்க்கணக்கு

2021-ஆம் ஆண்டு கனடா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒகோடோக்ஸ் என்ற ஊரில் 30,000-க்குச் சற்று மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வெளியாருக்கு அது வெறும் எண். ஊர்க்காரர்களுக்கு அப்படியில்லை. 1998-இல் அந்த ஊரின் நகரமன்றம், 25,000 முதல் 30,000 பேர் வரைதான் வளர்வோம், அதற்கு மேல் வேண்டாம் என்று தன் வளர்ச்சித் திட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. 2012-இல் அந்த எல்லையை மன்றமே நீக்கியது. நீக்கி ஒன்பது ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, ஊர் ஏறக்குறைய அந்தப் பழைய கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒரு சிறிய ஊர் தன் ஆற்றைப் பார்த்து, இவ்வளவு பேருக்குத்தான் இந்த ஆறு தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதைச் சட்டமாகவும் ஆக்கியது வட அமெரிக்காவில் அபூர்வம். அதனால்தான் இந்த ஊரை எடுத்துக்கொண்டேன். அந்த எல்லை ஏன் வந்தது, ஏன் போனது, போன பிறகும் ஏன் முழுதாகப் போகவில்லை என்று பார்க்கலாம். இதே ஊரில் வெயிலைக் கோடையில் மண்ணுக்குள் சேமித்துக் குளிர்காலத்தில் எடுத்த 52 வீடுகளும் இருந்தன. அவற்றின் கதையும் இதோடு சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம்.

கல்லும் ஆறும்

ஒகோடோக்ஸ் அல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி மாநகருக்குத் தெற்கே இருக்கிறது. மாநகர எல்லையைத் தாண்டிக் காரில் போனால் கால் மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய ஆகும். கிழக்கே புல்வெளிச் சமவெளி தட்டையாக விரிந்து கிடக்கிறது. மேற்கே நிலம் அலை அலையாக எழுந்து ராக்கி மலைகளில் போய் முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே, மலையிலிருந்து இறங்கிவரும் ஷீப் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஊர் அமைந்திருக்கிறது.

ஊரின் பெயர் பிளாக்ஃபுட் மக்களின் மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, புல்வெளி நடுவே ஒரு பெரும்பாறை தனியாகக் கிடக்கிறது. ஏறக்குறைய 16,500 டன் எடை, 40 மீட்டர் நீளம். சுற்றிலும் அந்த வகைக் கல்லே கிடையாது. பனியுகத்தில், வடமேற்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜாஸ்பர் பகுதி மலையிலிருந்து சரிந்து பனியாற்றின் முதுகில் விழுந்து, பனியோடு நகர்ந்து வந்து, பனி உருகியதும் இங்கேயே தங்கிவிட்ட பாறை இது என்பது நிலவியலாளர்கள் சொல்லும் வரலாறு.

பிளாக்ஃபுட் மக்கள் வேறு கதை சொல்கிறார்கள். நாபி என்ற பெரியவன் வெயிலில் நடந்து களைத்து, இந்தப் பாறையின் மேல் உட்கார்ந்தான். புழுக்கம் தாங்காமல் தன் மேலாடையைக் கழற்றிப் பாறைக்கே கொடுத்துவிட்டான். சற்று நேரத்தில் வானம் மாறிக் குளிர் வந்தது. கொடுத்த ஆடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தான். பாறைக்குக் கோபம் வந்து, உருண்டு உருண்டு அவனைத் துரத்தியது. கடைசியில் வௌவால்கள் வந்து மோதிப் பாறையை இரண்டாகப் பிளந்தன. இன்றைக்கும் அது பிளந்துதான் கிடக்கிறது. கொடுத்ததைத் திரும்ப எடுத்தவனின் கதை இந்த ஊரின் பெயரிலேயே இருப்பது எனக்குப் பலமுறை நினைவுக்கு வந்திருக்கிறது.

வெள்ளையர் குடியேற்றம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. கால்கரியிலிருந்து தெற்கே ஃபோர்ட் மெக்லாய்டுக்குப் போகும் வண்டிப்பாதை ஆற்றைக் கடக்கும் இடம் இது. 1890-களின் தொடக்கத்தில் ரயில் வந்தது, மர அறுவை ஆலை வந்தது. மலையில் வெட்டிய மரங்களை ஷீப் ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். 1904-இல் நகராக அறிவிக்கப்பட்டது. அப்புறம் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல், சுற்றுவட்டார விவசாயிகளுக்கும் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் சந்தை ஊராகவே இருந்தது.

மாற்றம் கால்கரியிலிருந்து வந்தது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் தலைமையகங்கள் குவிந்து கால்கரி பெருக, அதன் தெற்கு விளிம்பு ஒகோடோக்ஸை நோக்கி நீண்டது. மாநகரத்தில் வேலை, சிற்றூரில் வீடு என்று வாழ விரும்பியவர்களுக்கு இந்த ஊர் வசதியாகப்பட்டது. 1996-இல் 8,510 பேர் இருந்த ஊர், 2006-இல் 17,000-ஐத் தாண்டியது.

எல்லையை எழுதிய ஆண்டு

1998-இல் மன்றம் வளர்ச்சித் திட்டத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கால்கரியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களைப் போல வருகிற வளர்ச்சியையெல்லாம் ஏற்றுக்கொள்வது. அதற்கு என்றைக்காவது ஒருநாள் வெளியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும். மற்றது, உள்ளூர் ஆறு எவ்வளவு பேரைத் தாங்குமோ அவ்வளவோடு நிற்பது.

ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சிற்றூர்த் தன்மை போய்விடக் கூடாது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். மன்றம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

எல்லையை முடிவு செய்தவை இரண்டு கணக்குகள். ஷீப் ஆற்றிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பது ஒன்று. சுத்திகரித்துத் திரும்ப விடும் கழிவுநீரை ஆறு எவ்வளவு தாங்கும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஷீப் பெரிய ஆறு இல்லை. மலையில் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் பொங்கிவரும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மெலிந்துவிடும். மெலிந்த ஆற்றில் கழிவுநீரின் பங்கு கூடினால், சுத்திகரித்த நீராகவே இருந்தாலும், மீன்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் கேடு. ஆறு வற்றும் காலத்தை வைத்துத்தான் ஊரின் அளவைச் சொல்ல வேண்டும், பொங்கும் காலத்தை வைத்து இல்லை. ஒகோடோக்ஸ் அதைச் செய்தது. இந்த நேர்மைக்காகவே அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன்.

ஊர் ஆற்றில் நேரடியாகக் குழாய் வைத்து உறிஞ்சுவதில்லை. ஆற்றங்கரைச் சரளைப் படுகையில் ஆழமில்லாத கிணறுகள் இருக்கின்றன. ஆற்றுநீர் சரளை வழியே கசிந்து அவற்றில் சேர்கிறது. பார்க்க நிலத்தடி நீர் போலத் தெரிந்தாலும், அந்தக் கிணறும் ஆறும் ஒன்றுதான். கிணற்றில் எடுத்தால் ஆற்றில் குறையும். அதனால் அதற்கும் ஆற்றுநீருக்கான உரிமமே வேண்டும்.

இந்த எல்லையில் ஒரு பலவீனம் முதல் நாளிலிருந்தே இருந்தது. 1998-இல் ஊரில் சுமார் பத்தாயிரம் பேர். எல்லை அதைப்போல மூன்று மடங்கு. யாருக்கும் உடனடியாக வலிக்கவில்லை. வீடு கட்டுபவர்களுக்கு இன்னும் பல ஆண்டு வேலை இருந்தது, மன்றத்துக்கும் வரி வருமானம் கூடிக்கொண்டே போனது. 30,000-இல் நிற்போம் என்று சொன்னார்களே தவிர, எவ்வளவு வேகத்தில் அங்கே போவோம் என்று சொல்லவில்லை. எல்லை இருப்பதாலேயே இந்த ஊர் கடைசிவரை சிற்றூராக இருக்கும் என்று நம்பி வந்தவர்களும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் 24,511. பதினைந்தே ஆண்டில் ஊர் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிட்டது.

முந்தியவருக்கே முதல் உரிமை

ஒகோடோக்ஸ் ஏன் தன்னிஷ்டத்துக்குக் கூடுதல் நீர் எடுக்க முடியாது என்பதற்குத் தெற்கு அல்பர்ட்டாவின் நீர்ச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1894-இல் கனடா அரசு கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டம், மேற்குச் சமவெளியின் ஆற்றுநீர் அனைத்தையும் அரசுடைமை ஆக்கியது. யார் எடுத்தாலும் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் எந்த நாளில் பெறப்பட்டதோ அந்த நாள்தான் வரிசையில் அவர் இடத்தைத் தீர்மானிக்கும். தண்ணீர் குறைந்தால் பழைய உரிமம் வைத்திருப்பவர் தன் பங்கை முழுமையாக எடுத்த பிறகுதான் அடுத்தவர் எடுக்கலாம். இவ்வளவு குறைந்தால் எல்லாரும் இவ்வளவு குறைத்துக்கொள்வோம் என்ற பேச்சு அந்தச் சட்டத்தில் இல்லை.

பழைய உரிமங்கள் யாரிடம் இருக்கின்றன? பெரும்பகுதி பாசன மாவட்டங்களிடம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு வறண்ட புல்வெளியை விளைநிலமாக்க வாய்க்கால் வெட்டியவர்கள் அவர்கள். அன்றைக்குச் சிற்றூர்கள் தண்ணீர் கேட்டு வரிசையில் முன்னால் நிற்கவில்லை, நிற்க வேண்டிய தேவையும் இல்லை. இன்றைக்கு அந்த ஊர்கள் வளர்ந்து நகரமாகும்போது, வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

2006-இல் அல்பர்ட்டா அரசு ஒரு பெரிய முடிவு எடுத்தது. போ, ஓல்ட்மேன், தெற்கு சஸ்காச்சுவான் ஆகிய துணைப் படுகைகளில் புதிய உரிமத்துக்கான விண்ணப்பங்களை இனி ஏற்பதில்லை. ஷீப் ஆறு ஹைவுட் ஆற்றில் சேர்கிறது, ஹைவுட் போ நதியில் சேர்கிறது. அதனால் ஒகோடோக்ஸும் அந்த மூடிய படுகைக்குள் அடக்கம். அதற்கு மேல் நீர் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் யாரிடமாவது விலைக்கு வாங்க வேண்டும். 1999-இல் நடைமுறைக்கு வந்த நீர்ச் சட்டம் இந்தக் கைமாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் 10 விழுக்காடு வரை ஆற்றுக்கென்று அரசு பிடித்துவைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பார்த்தால் ஒகோடோக்ஸ் 1998-இல் சொன்னதை மாகாணம் எட்டு ஆண்டு கழித்துப் படுகை முழுவதற்கும் சொன்னது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஒகோடோக்ஸின் எல்லை, இத்தனை மனிதர்கள் என்றது. மாகாணத்தின் எல்லை, இத்தனை உரிமங்கள் என்றது. மனிதர்களின் எண்ணிக்கையை நிறுத்தினால் வளர்ச்சி நிற்கிறது. உரிமத்தை நிறுத்தினால் உரிமத்தின் விலை ஏறுகிறது, பணம் உள்ளவர் வாங்கிக்கொண்டு வளர்கிறார். தன் எல்லையைக் காத்துக்கொண்டு ஒகோடோக்ஸ் இருந்த காலத்திலேயே, அக்கம்பக்கத்தில் வளர்ச்சி விலைக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது.

2012 செப்டம்பர்

எல்லையை நீக்கும் முடிவை மன்றம் 2012 செப்டம்பரில் எடுத்தது. இனித் தொடர்ந்து வளர்வது, அதற்கான நீரை வட்டாரக் குழாய் வழியே வெளியிலிருந்து கொண்டுவருவது என்று தீர்மானம் ஆயிற்று. அதற்கு முன்னால் ஊரில் நீண்ட விவாதம் நடந்தது.

நீக்க வேண்டும் என்றவர்களின் வாதத்தில் உண்மை இருந்தது. ஊரைச் சுற்றியுள்ள நிலம் ஊரின் கையில் இல்லை. அது ஃபுட்ஹில்ஸ் என்ற கிராமப்புற நிர்வாகத்துக்குச் சொந்தமான எல்லை. ஒகோடோக்ஸ் கதவைச் சாத்தினால் வருகிறவர்கள் திரும்பிப் போய்விடப் போவதில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் வீடு கட்டுவார்கள். அவர்களின் கார்கள் இந்த ஊர்ச் சாலையில்தான் ஓடும், பிள்ளைகள் இந்த ஊர் மைதானத்தில்தான் விளையாடுவார்கள். வரி மட்டும் வேறு இடத்துக்குப் போகும். இன்னொரு பக்கம், வீடுகளின் எண்ணிக்கை நின்றுவிட்டால் விலை ஏறும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இங்கே வீடு வாங்க முடியாமல் போகும்.

வேண்டாம் என்றவர்களின் வாதமும் லேசானது இல்லை. குழாய் வந்துவிட்டால், ஊரின் அளவை ஆறு சொல்லாது, குழாயின் விட்டம் சொல்லும். அது போதவில்லை என்றால் இன்னொரு குழாய் வரும்.

என் மனம் இரண்டாம் தரப்போடுதான் இருக்கிறது, ஆனால் முதல் தரப்பைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு படுகையை முப்பது நாற்பது ஊர்களும் பண்ணைகளும் ஒரு மாநகரமும் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒரே ஊர் மட்டும் தனக்குக் கோடு போட்டுக்கொண்டால் அந்தக் கோட்டின் சுமை முழுவதும் அதன் தலையில்தான் விழும். மிச்சமாகும் தண்ணீர் ஆற்றில் தங்குவதற்கும் எந்த உறுதியும் இல்லை. கீழே உள்ளவர் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லை வீண்போனது என்று சொல்லிவிட முடியாது. அது இருந்த பதினான்கு ஆண்டுகளில் ஊர் குறைந்த நீரில் வாழக் கற்றுக்கொண்டது. வீட்டுக்கு வீடு மீட்டர், தோட்டத்துக்கு நீர் விடக் கட்டுப்பாடுகள், நீர் மிச்சம் பிடிக்கும் கருவிகள் வாங்கினால் பணம் திருப்பித் தருவது என்று எல்லாமும் அன்றாட நடப்பாயின. புல்தரையைப் பச்சையாக வைத்திருப்பது கௌரவம் என்று நினைக்கும் வட அமெரிக்கப் புறநகரில் இதைப் பழக்கமாக்குவது எளிதில்லை.

எல்லையை நீக்கிய பிறகு நடந்ததும் கவனிக்க வேண்டியது. 2011-க்கும் 2016-க்கும் இடையில் ஊர் சுமார் 18 விழுக்காடு வளர்ந்தது, எண்ணிக்கை 28,881 ஆனது. 2017-இல் சுற்றியிருந்த பெரும் நிலப்பரப்பை ஊர் தன்னோடு இணைத்துக்கொண்டது. நிலம் வந்துவிட்டது, விதியும் போய்விட்டது. ஆனாலும் 2016-க்கும் 2021-க்கும் இடையில் வளர்ச்சி 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. 2014-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்து அல்பர்ட்டா முழுவதும் வேலைகள் போனது ஒரு காரணம். தண்ணீர் வந்து சேராதது இன்னொரு காரணம். குழாய்க்கான பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. காகிதத்தில் இருந்த கோட்டை அழித்தார்கள், ஆற்றில் இருந்த கோடு அப்படியே இருந்தது. 2021-இல் 30,000-ஐச் சற்றே தாண்டிய அந்த எண்ணை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

கோடை வெயிலைப் புதைத்த 52 வீடுகள்

ஊர் எல்லையோடு வாழ்ந்த அந்தக் காலத்தில்தான், அதே மனநிலையிலிருந்து, டிரேக் லேண்டிங் என்ற குடியிருப்பு பிறந்தது. கனடா அரசின் இயற்கை வளத் துறை ஆராய்ச்சியாளர்கள், ஊர் நிர்வாகம், ஆட்கோ எரிவாயு நிறுவனம், வீடு கட்டும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 2007-இல் இயங்கத் தொடங்கியது.

அல்பர்ட்டாவில் குளிர்காலம் சாதாரணமில்லை. சில இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30-க்குப் போகும். மலையிலிருந்து ஷினூக் காற்று இறங்கினால் சில மணி நேரத்திலேயே இருபது டிகிரி ஏறிப் பனி உருகும், அப்புறம் மறுபடி உறையும். வீட்டைச் சூடாக வைப்பதுதான் அங்கே குடும்பத்தின் பெரிய எரிபொருள் செலவு. வெயிலோ கோடையில் ஏராளம், வேண்டிய நேரத்தில் இல்லை. கோடையில் கிடைப்பதைக் குளிர்காலம் வரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட இடம் மண்.

52 வீடுகளின் பின்னால் வரிசையாக இருந்த கார் கொட்டகைகளின் கூரை மேல் சுமார் 800 சூரிய வெப்பத் தகடுகளைப் பதித்தார்கள். மின்சாரம் தரும் தகடு இல்லை இது. உள்ளே ஓடும் உறையாத திரவத்தைச் சூடாக்குவது. அந்தச் சூடு ஒரு பொது நிலையத்தில் இருந்த இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகளுக்கு மாறும். அங்கிருந்து, பக்கத்துப் பூங்காவின் அடியில் போட்டிருந்த 144 துளைகளுக்குப் போகும். ஒவ்வொரு துளையும் ஏறக்குறைய 35 மீட்டர் ஆழம். அவை எல்லாம் சேர்ந்து 35 மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கும். கோடையில் வெந்நீர் வட்டத்தின் நடுவில் இறங்கி வெளியோரம் நோக்கிப் போகும். அதனால் நடுமண் நன்றாகக் கொதித்திருக்கும், விளிம்பு மிதமாக இருக்கும், சூடு வெளியே கசிவது குறையும். கோடை முடிவில் நடுப்பகுதி 80 டிகிரி வரை ஏறும். குளிர்காலத்தில் ஓட்டம் திரும்பும். விளிம்பில் நுழைந்து, போகப் போகச் சூடேறி, நடுவில் வெளியே வந்து வீடுகளுக்குப் போகும். மேலே காப்புப் பொருள், களிமண், அதற்கு மேல் புல். பூங்காவில் நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

மண் உடனே சூடாகிவிடாது. முதல் குளிர்காலத்தில் வீடுகளுக்குத் தேவையான சூட்டில் 55 விழுக்காடுதான் வெயிலிலிருந்து வந்தது, மிச்சத்தை எரிவாயு தந்தது. ஐந்தாம் ஆண்டில் 97 விழுக்காடு. 2015-16 குளிர்காலத்தில் நூறு விழுக்காடு. ராக்கி மலையடிவாரத்தில், ஒரு முழுக் குளிர்காலமும் 52 வீடுகள் முந்தைய கோடையின் வெயிலில் சூடாக இருந்தன. இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் நிறைகிறது. 2011-இல் எனர்ஜி குளோப் உலக விருதும் கிடைத்தது.

பிறகு பழுதுகள் வந்தன. கசிவுகள், தேய்ந்த தகடுகள், வீட்டுக்குள் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் கருவிகள். பல பாகங்கள் இந்த ஒரு திட்டத்துக்கென்றே செய்யப்பட்டவை, மாற்றுப் பாகம் சந்தையில் இல்லை. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் சிலர்தான். முழுவதையும் புதுப்பிக்கும் செலவை 52 வீடுகள் தாங்காது. 2024-இல் திட்டத்தை நிறுத்த முடிவு செய்து, வீடுகளுக்குச் சாதாரண எரிவாயு அடுப்புச் சூடேற்றிகளைப் பொருத்தினார்கள்.

மண்ணில் வெயிலைச் சேமிக்க முடியாது என்று இதற்கு அர்த்தம் சொல்வது தவறு. மண் தன் வேலையைச் செய்தது. திட்டம் தோற்றதற்குக் காரணம் அந்தக் குடியிருப்பு தனியாக நின்றதுதான். முதல் திட்டம் சிறியதாக இருந்ததில் தப்பில்லை, ஆராய்ச்சி அப்படித்தான் தொடங்கும். ஆனால் அதற்குப் பிறகு 500 வீடு, 1,000 வீடு என்று அடுத்தடுத்த குடியிருப்புகள் அல்பர்ட்டாவில் வந்திருந்தால் பாகங்களுக்குச் சந்தை வந்திருக்கும், ஆள் பழகியிருப்பார்கள். எரிவாயு மலிவாகக் கிடைக்கும் மாகாணத்தில் அந்த அடுத்த படி வரவில்லை.

டென்மார்க்கில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே வோயன்ஸ் என்ற சிறிய ஊரில் 2015-இல் இரண்டு லட்சம் கன மீட்டர் கொள்ளும் வெந்நீர்க் குளத்தை மண்ணில் தோண்டி, மேலே மூடிபோட்டுக் கோடை வெயிலைச் சேமிக்கத் தொடங்கினார்கள். பிரெட்ஸ்ட்ரப் என்ற இன்னோர் ஊரில் டிரேக் லேண்டிங் போலவே துளைகள் போட்டார்கள். டென்மார்க்கின் சிற்றூர்களில் ஊர் முழுவதற்கும் ஒரே வெந்நீர்க் குழாய் அமைப்பு இருப்பது சகஜம். அவற்றில் பல, பயன்படுத்துபவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவுகள். ஒரு கருவி பழுதானால் மாற்றுவதற்கான செலவு ஊர் முழுக்கப் பரவும், பக்கத்து ஊரிலும் அதே கருவி இருக்கும், அதைச் சரிசெய்யும் ஆளும் இருப்பார். ஒகோடோக்ஸின் அறிவாளிகள் டென்மார்க்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள அக்கம்பக்கம் இல்லாமல் போனதுதான் வித்தியாசம்.

ஆற்று எல்லைக்கும் இதேதான் நேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

மாநகரத்தின் குழாய், ஊரின் குழாய்

வெளியிலிருந்து நீர் என்று 2012-இல் பேசியபோது முதலில் எல்லார் கண்ணும் கால்கரிப் பக்கம்தான் போனது. ஏர்ட்ரி, செஸ்டர்மியர், ஸ்ட்ராத்மோர் போன்ற சுற்றுவட்டார ஊர்கள் ஏற்கெனவே கால்கரியின் சுத்திகரித்த நீரைத்தான் குடிக்கின்றன. பெரிய சுத்திகரிப்பு நிலையம், பழைய உரிமம், எல்லாம் மாநகரத்திடம் இருக்கிறது.

அந்த வழியின் ஆபத்து 2024 ஜூன் 5-ஆம் தேதி தெரிந்தது. 1975-இல் கால்கரியில் புதைக்கப்பட்ட பேர்ஸ்பா தெற்குப் பிரதானக் குழாய் அன்று மாலை உடைந்தது. மாநகரத்தின் சுத்திகரித்த நீரில் ஏறக்குறைய 60 விழுக்காடு அந்த ஒரு குழாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாரக்கணக்கில் தண்ணீரை அளந்து செலவழித்தார்கள். கால்கரியின் குழாயை நம்பியிருந்த மேற்சொன்ன ஊர்களும் கூடவே கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

ஒகோடோக்ஸ் அப்போது தன் ஆற்றங்கரைக் கிணறுகளையே நம்பியிருந்தது. கூடுதல் நீருக்கும் அது இறுதியில் கால்கரியின் குழாயைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஃபுட்ஹில்ஸ் கவுண்டியோடு சேர்ந்து, போ நதியிலிருந்து நேராக நீர் கொண்டுவரும் தனித் திட்டத்தை முன்னெடுத்தது. ஒரு காலத்தில் வேலிக்கு அந்தப்பக்கம் வீடு கட்டிவிடுவார்கள் என்று எந்த நிர்வாகத்தை நினைத்துப் பயந்தார்களோ, அதனோடேயே இப்போது ஒரு குழாயில் பங்காளி. இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை தரும் இடம் இதுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2023-இல் தொடங்கிய வறட்சி அடுத்த ஆண்டும் தொடரும் என்று அஞ்சிய மாகாண அரசு, 2024 ஏப்ரலில் ரெட் டியர், போ, ஓல்ட்மேன் படுகைகளின் பெரிய உரிமதாரர்கள் 38 பேரை ஒன்றாக உட்காரவைத்தது. பாசன மாவட்டங்கள், நகரங்கள், ஆலைகள் எல்லாரும் அதில் உண்டு. நிலைமை மோசமானால் முந்தியவர் பிந்தியவர் என்று பார்க்காமல் நீரைக் குறைத்துப் பகிர்ந்துகொள்வதாக அவர்கள் தாமாக ஒப்புக்கொண்டார்கள். சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 1894-இலிருந்து வரும் வரிசையில் முன்னால் நிற்பவர்கள், வேண்டுமென்றால் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறோம் என்று சொன்னார்கள். 2001 வறட்சியிலும் தெற்கே பாசனக்காரர்கள் இப்படித் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

1998-இல் ஒகோடோக்ஸ் போட்ட கணக்கை இந்த 38 பேர் உட்கார்ந்த மேசையில் யாராவது மறுபடி எடுத்துவைக்க வேண்டும் என்பது என் ஆசை. எவ்வளவு உரிமம் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், ஆறு மெலிந்திருக்கும் மாதத்தில் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு திரும்ப விடலாம் என்று படுகை முழுவதற்கும் கேட்கலாம். போ நதியிலிருந்து குழாயில் ஏறி வரும் நீர் ஒகோடோக்ஸ் வீடுகளில் புழங்கி, சுத்திகரிக்கப்பட்டு, ஷீப் ஆற்றில்தான் விடப்படும். அங்கிருந்து ஹைவுட், ஹைவுட்டிலிருந்து மறுபடி போ. குளிர்காலத்தில் ஷீப் ஆறு எவ்வளவு கழிவுநீரைத் தாங்கும் என்ற அந்தப் பழைய கணக்கின் இரண்டாம் பாதியை எந்தக் குழாயும் மாற்றிவிடவில்லை.